தக்கை அசையவே இல்லையா? தீர்த்தன் ஆற்றில் நிம்ஃப் தூண்டில்: கோளாறும் கைவைத்தியமும்

இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில் ஓடும் தீர்த்தன், ஃப்ளை தூண்டில், அதாவது பூச்சி போலக் கட்டிய முள்ளை வீசி மீன் பிடிப்பது, பழக வருகிறவர்களுக்குக் கறாரான வாத்தியார். குஷைணி கிராமத்துக்கு மேலே போகப் போக ஆறு முழுக்கப் பாறை. ஒரே வேகத்தில் ஓடும் நீர் பத்தடி நீளத்துக்குக் கிடைத்தாலே பெரிது. பாறையின் முன்னால் ஒரு வேகம், பக்கத்தில் ஒரு வேகம், பின்னால் கிட்டத்தட்ட நின்ற நீர். குல்லுப் பள்ளத்தாக்குக்கு 1909ல் கொண்டுவரப்பட்ட ப்ரௌன் ட்ரவுட் மீன் இந்தக் குழிகளில்தான் படுத்துக் கிடக்கிறது. அது தின்பதில் பெரும்பங்கு நீருக்கு அடியில். அதனால்தான் நிம்ஃப்.

மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை போன்ற பூச்சிகள் இறக்கை முளைக்கும்வரை ஆற்றுக் கல்லடியில் வாழும் பருவத்துக்கு நிம்ஃப் என்று பெயர். அதைப்போலவே தெரியும்படி முள்ளின் மேல் நூலும் மயிரும் இறகும் சுற்றிக் கட்டியதையும் அப்படியே சொல்கிறோம். கடையில் இண்டிகேட்டர் என்று விற்பது நம்மூர்த் தக்கைதான். கீழேயும் தக்கை என்றே சொல்லப்போகிறோம்.

இனி வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் சாமான்: 9 அடி நீளமுள்ள ராடு, அதாவது தூண்டில் கழி; 5 எடை என்பது அது வீசும் லைனின் கன அளவு. மிதக்கும் லைன், அதாவது வீசும் தடித்த கயிறு. லைன் முனையில் கட்டும் மெலிந்துகொண்டே போகும் நரம்பு, அதாவது லீடர்: 9 அடி, 4எக்ஸ். அதன் நுனியில் நிம்ஃப் கட்டும் மெல்லிய நரம்புத் துண்டு, அதாவது டிப்பெட்: 5எக்ஸ் ஃப்ளூரோகார்பன். இரண்டு நிம்ஃப்: கீழே 12ஆம் எண் முள்ளில் 3.3 மில்லிமீட்டர் டங்ஸ்டன் மணி போட்டது, அதற்கு 45–50 சென்டிமீட்டர் மேலே 16ஆம் எண்ணில் லேசான ஒன்று. எக்ஸ் கணக்கு குழப்பினால்: 11லிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் வருவது நரம்பின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு. 4எக்ஸ் என்றால் 7 பங்கு, அதாவது சுமார் 0.18 மில்லிமீட்டர். 5எக்ஸ் சுமார் 0.15. எண் ஏற ஏற நரம்பு மெலியும்.

ஒரு முள்ளா இரண்டு முள்ளா, எந்தப் பகுதியில் பிடிக்கலாம் என்பதை மீன்வளத்துறையின் உரிமச்சீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை ட்ரவுட் முட்டையிடும் காலம். அப்போது பிடிக்கத் தடை.

அரை நாளாக வீசுகிறேன், ஒரு கொத்துகூட இல்லை

நூற்றில் தொண்ணூறு பேர் இந்த இடத்தில் நிம்ஃபை மாற்றுவார்கள். பெட்டியைத் திறந்து, இன்னும் பளபளப்பாக ஒன்றை எடுத்துக் கட்டி, மறுபடி வீசி, மறுபடி மாற்றி, ஒரு மணி நேரம் முடிச்சுப் போடுவதிலேயே போய்விடும். நிம்ஃபைக் கடைசியாக மாற்றுங்கள். முதலில் பார்க்க வேண்டியது ஆழம், அப்புறம் எடை, அப்புறம் வேகம்.

ஆற்றின் மேல்நீர் வேகமாக ஓடும். அடிநீர் கற்களில் உரசிக்கொண்டு மெதுவாக ஊரும். மீன் படுத்திருப்பது அந்த மெதுவான அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள். உங்கள் நிம்ஃப் நடுநீரில் போய்க்கொண்டிருந்தால் மீனின் தலைக்கு மேலே, அது நிமிர்ந்து பார்க்கவும் சோம்பல்படும் வேகத்தில் கடந்து போகும். நாள் முழுக்க வீசினாலும் அதே கதைதான்.

அடியைத் தொடுகிறதா என்று எப்படித் தெரியும்? தக்கைக்குப் பக்கத்தில் மிதந்து வரும் நுரைக்குமிழைப் பாருங்கள். தக்கையும் குமிழும் ஒன்றாகவே வந்தால் நிம்ஃப் இன்னும் மேலேதான் இருக்கிறது. குமிழ் முந்திக்கொண்டு போய், தக்கை பின்தங்கி, தயங்கித் தயங்கி வந்தால் நிம்ஃப் மெதுநீருக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையை மட்டும் கற்றுக்கொண்டு போனாலே முதல் நாள் வீண் போகாது. இன்னொரு அடையாளம்: நாலைந்து வீச்சுக்கு ஒரு தடவையாவது நிம்ஃப் கல்லில் தட்ட வேண்டும், அல்லது முள்ளில் ஒரு துணுக்குப் பாசி வர வேண்டும். அரை மணி நேரமாகப் பாசியே வரவில்லை என்றால் நீங்கள் அடிக்குப் போகவே இல்லை.

சரிசெய்யும் வரிசை இது. தக்கைக்கும் கீழ் நிம்ஃபுக்கும் உள்ள தூரத்தை நீரின் ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு வையுங்கள். முழங்கால் அளவு நீர் என்றால் 75 சென்டிமீட்டர். இடுப்பளவு என்றால் ஒன்றரை மீட்டர். ஒன்றரை மடங்கு ஏன் என்றால், ஓடும் நீரில் நரம்பு நேராகத் தொங்காது, சாய்ந்துதான் வரும். மெதுவான மடுவில் சாய்வு குறைவு. அங்கே நீர் ஆழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் போதும். இதற்குப் பிறகும் அடி தட்டவில்லையா, எடையைக் கூட்டுங்கள். பித்தளை மணியைவிட டங்ஸ்டன் மணி அதே அளவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு கனம். மணி மாற்ற வழியில்லையென்றால் மேல் நிம்ஃபைக் கட்டிய முடிச்சுக்குச் சற்று மேலே ஒரு சின்ன ஈயக்குண்டைக் கடித்துவிடுங்கள். முடிச்சுக்கு மேலே என்பது முக்கியம். இல்லாவிட்டால் குண்டு வழுக்கிக்கொண்டு நிம்ஃபின் மேலேயே வந்து உட்காரும். பல்லால் கடிக்காமல் குறட்டால் அழுத்துவது உடம்புக்கு நல்லது. தகரக் குண்டு கிடைத்தால் இன்னும் நல்லது.

மூன்றாவதாக, எங்கே விழ வைக்கிறீர்கள் என்பது. மீன் இருக்கும் இடத்திலேயே நிம்ஃபைப் போட்டால் அது இறங்குவதற்குள் மீனைத் தாண்டிவிடும். கணக்காகவே பாருங்கள்: நீர் 60 சென்டிமீட்டர் ஆழம், நிம்ஃப் ஒரு விநாடிக்கு 20 சென்டிமீட்டர் இறங்குகிறது, ஓட்டம் விநாடிக்கு ஒரு மீட்டர். அடியைத் தொட மூன்று விநாடி. அதற்குள் மூன்று மீட்டர் கீழே வந்துவிட்டது. ஆகவே குறிக்கு மூன்று மீட்டர் மேலே விழ வேண்டும். பாறைக்குப் பின்னால் உள்ள குழி ஒன்றரை மீட்டர்தான் நீளம் என்றால் இந்தத் தூரம் கிடைக்காது. அங்கே எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. வீச்சின் முடிவில் ராடு நுனியைச் சட்டென நிறுத்தினால் நிம்ஃப் முன்னால் போய், மடங்கி, லைனுக்கு முன்பே தலைகுப்புற நீரில் இறங்கும். அந்த ஒரு நிறுத்தம் அரை மீட்டர் ஆழத்தைச் சும்மா வாங்கித் தரும்.

இவை மூன்றும் சரி, அப்படியும் கொத்து இல்லை என்றால் இப்போது நிம்ஃபைப் பற்றி யோசிக்கலாம். அதற்கும் பெட்டியைப் பார்க்க வேண்டாம், ஆற்றைப் பாருங்கள். சலசலத்து ஓடும் நீரில், தேங்காய் அளவுள்ள கல் ஒன்றை மெல்லப் புரட்டி எடுத்து அடிப்பக்கத்தைத் திருப்புங்கள். முதலில் ஒன்றும் தெரியாது, ஈரமும் கறுப்பும்தான். பத்து விநாடி பொறுத்தால் கறுப்பில் ஒரு பகுதி நகரும். தட்டையான தலை, நண்டைப் போலப் பக்கவாட்டில் ஓடும் கால், பின்னால் மூன்று மெல்லிய வால்: பெரும்பாலும் மேஃப்ளை. தடித்த உடம்பு, இரண்டே வால், நிதானமான நடை: ஸ்டோன்ஃப்ளை. மணலையும் குச்சித் துண்டையும் ஒட்டிக் கட்டிய சின்னக் குழாய் தெரிந்தால் அதற்குள் இருப்பது கேடிஸ் புழு. எது அதிகமோ அதன் நீளத்தையும் நிறத்தையும் பாருங்கள்; நீளம்தான் முதலில், நிறம் அடுத்து. ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் என்ற இரண்டு நிம்ஃபை 12, 14, 16 ஆகிய மூன்று அளவிலும் வைத்திருந்தால் தீர்த்தனில் பெரும்பாலான நாளைச் சமாளிக்கலாம். ஃபெசன்ட் டெயிலை உருவாக்கிய ஃப்ராங்க் சாயர் இங்கிலாந்தின் ஏவன் ஆற்றில் காவலராக இருந்தவர். நூலுக்குப் பதில் மெல்லிய செம்புக் கம்பியிலேயே கட்டினார். கம்பியே எடை, கம்பியே கட்டு. அவர் கவலையும் முதலில் நிம்ஃப் கீழே இறங்க வேண்டும் என்பதுதான். பார்த்த கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த பக்கமாகவே திருப்பி வையுங்கள்.

நீரின் வெப்பநிலையையும் ஒரு தடவை பாருங்கள். சாதாரண வெப்பமானியே போதும். 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் என்றால் ப்ரௌன் ட்ரவுட் நன்றாக மேயும். மார்ச் காலையில் 5 டிகிரிக்குக் கீழே இருந்தால் மீன் மந்தம். வெயில் ஏறும்வரை டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒவ்வொரு வீச்சுக்கும் அடியில் மாட்டிக்கொள்கிறது

போன கோளாறுக்கு நேர் எதிர். ஆனால் இது நல்ல கோளாறு. சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். தக்கையை 15 சென்டிமீட்டர் கீழே இறக்குங்கள். இன்னும் மாட்டினால் இன்னொரு 15. எடையைக் குறைப்பது அதற்கும் பிறகு. முள் தலைகீழாக, நுனி மேலே பார்த்து நீந்தும்படி வளைத்த ஜிக் முள் என்று ஒன்று உண்டு; பாறை ஆற்றில் மற்றவற்றைவிட மிகவும் குறைவாக மாட்டும். புதிதாக வாங்குவதானால் அதையே வாங்குங்கள்.

மாட்டியதை எடுக்கும் முறை: ராடை வளைத்து இழுக்காதீர்கள், ராடு முறியும். நிம்ஃப் ஓட்டத்தோடு வந்து ஒரு பிளவில் சொருகியிருக்கிறது. வந்த வழியே திரும்ப இழுத்தால்தான் கழலும். அதனால் மாட்டிய இடத்துக்கு மேல்பக்கம், அதாவது நீர் வரும் திசையில், நகர்ந்து லேசாக ஆட்டுங்கள். மேலே போக முடியாத இடமென்றால், கொஞ்சம் லைனை அவிழ்த்து, மாட்டிய இடத்தைத் தாண்டி எதிர்ப்பக்கம் ஒரு சுருள் விழும்படி உருட்டி எறிந்து, அதே விசையில் வெடுக்கென்று தூக்குங்கள். பாதி தடவை கழன்று வரும். எதற்கும் மசியாவிட்டால் ராடை நேராக அதை நோக்கி நீட்டி, ரீலின் உருளையைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நடந்து அறுத்துவிடுங்கள். நரம்பைக் கையில் சுற்றி இழுத்தால் விரலை அறுத்துவிடும். டங்ஸ்டன் மணி போட்ட முள் விடுபட்டால் கவண்கல் மாதிரி வரும். கண்ணாடி இல்லாமல் இந்த ஆற்றில் இறங்கவே கூடாது.

தக்கை நீரைக் கிழித்துக்கொண்டு போகிறது

தக்கைக்குப் பின்னால் படகின் வால் மாதிரி ஒரு கோடு தெரிந்தால் லைன் அதை இழுத்துக்கொண்டு போகிறது. அடியில் நிம்ஃபும் இழுபடுகிறது. எந்தப் பூச்சியும் அப்படிக் குறுக்கே நீந்தாது, மீனுக்குத் தெரியும்.

உங்களுக்கும் தக்கைக்கும் நடுவே வேகநீர் இருந்தால் லைனின் வயிறு கீழ்ப்பக்கம் பிதுங்கும். ராடு நுனியைத் தூக்கி, அந்த வயிற்றை அரைவட்டமாக மேல்பக்கம் புரட்டிப் போடுங்கள். இதுதான் மெண்ட். தக்கை விழுந்தவுடனேயே செய்ய வேண்டும். வயிறு விழுந்து இழுக்க ஆரம்பித்த பிறகு செய்தால் தக்கையும் சேர்ந்து துள்ளும். நடுவே மெதுநீர், தக்கை வேகநீரில் என்றால் தலைகீழ்: கீழ்ப்பக்கம் புரட்ட வேண்டும். பழகுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் மேல்பக்கமே புரட்டுவார்கள்.

உண்மையைச் சொன்னால், தீர்த்தன் மாதிரி ஆற்றில் மெண்ட் செய்வதைவிடக் கிட்டப் போவது எளிது. பன்னிரண்டு மீட்டர் தள்ளி நின்று அழகாக வீசினால் நடுவில் நாலு வேக ஓட்டம் லைனைப் பிடித்து இழுக்கும். பாறையின் மறைவில் 5 மீட்டர் தூரத்துக்கு வந்து, ராடை உயர்த்தி, லைன் முழுவதையும் நீருக்கு மேலே தூக்கிப் பிடித்து, லீடர் மட்டும் நீரைத் தொடும்படி தக்கையோடு சேர்ந்து ராடு நுனியை நகர்த்துங்கள். இரண்டு மூன்று மீட்டர் நல்ல ஓட்டம் கிடைத்தால் போதும், அந்தக் குழிக்கு அதுவே முழு நீளம்.

தக்கை அமுங்குகிறது, வெட்டினால் வெறும் நீர்

முதலில், அது கொத்துதானா? கல்லில் தட்டினாலும் தக்கை அமுங்கும். வித்தியாசம் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. ட்ரவுட் நிம்ஃபை வாயில் வாங்கி, போலி என்று தெரிந்து துப்புவதற்கு ஒரு விநாடிகூட ஆகாது. தக்கை நின்றாலும், தயங்கினாலும், ஒருபக்கம் சாய்ந்தாலும் வெட்ட வேண்டும், அதாவது முள் ஏறும்படி ராடைச் சுண்ட வேண்டும். கல்லாக இருந்தால் நட்டமில்லை.

எல்லாவற்றுக்கும் வெட்டியும் மீன் மாட்டவில்லை என்றால் மூன்று இடத்தில் தேடுங்கள். லைன் தொய்வு: தக்கையிலிருந்து ராடு நுனிவரை ஒரு மீட்டர் தொய்வு இருந்தால் உங்கள் வெட்டு அந்தத் தொய்வை நிமிர்த்துவதிலேயே செத்துப்போகும். வலக்கை ஆள்காட்டி விரலுக்கடியில் லைனை வைத்து, இடக்கையால் தொய்வைச் சேகரித்துக்கொண்டே வாருங்கள். திசை: மேல்பக்கம் பார்த்துப் படுத்திருக்கும் மீனுக்கு ராடை நேரே வானத்துக்குத் தூக்கினால் நிம்ஃப் வாயிலிருந்து முன்னால் பிடுங்கிக்கொண்டு வரும். கீழ்ப்பக்கமாக, பக்கவாட்டில், மணிக்கட்டை மட்டும் சொடுக்குங்கள்; முள் வாயோரத்தில் இறங்கும். முள் கூர்: கட்டைவிரல் நகத்தில் நுனியை வைத்து லேசாக இழுங்கள். கீறிப் பிடித்தால் கூர், வழுக்கினால் மழுங்கல். அடியைத் தட்டிக்கொண்டே வரும் நிம்ஃபின் முள் ஒரு மணி நேரத்திலேயே மழுங்கலாம். சின்ன அரத்தால் நுனியை நோக்கி மூன்று இழுப்பு. சரியாகாவிட்டால் தூக்கி எறியுங்கள்.

தக்கை பெரிதாக இருந்தாலும் இதே கோளாறு வரும். எலுமிச்சை அளவுத் தக்கையை அமுக்க மீனுக்கு என்ன அவசியம்? நிம்ஃபின் எடையைத் தாங்கும் அளவில் மிகச் சின்னது எதுவோ அதுவே போதும்.

மாட்டியது, ரெண்டு சுற்றுச் சுற்றியது, கழன்றுவிட்டது

செதிலை, அதாவது முள்ளின் பின்வெட்டை, அமுக்கிவிட்டுப் பிடிப்பதுதான் இந்த ஆற்றில் நல்ல பழக்கம். ஆனால் செதில் இல்லாத முள்ளுக்கு ஒரு கணம் தொய்வு கொடுத்தாலும் மீன் போய்விடும். லைன் எப்போதும் இறுக்கம். ராடு படுக்கவும் கூடாது, செங்குத்தாக நிற்கவும் கூடாது. பாதிச் சாய்வில் வளைந்திருக்கட்டும். மீன் இடப்பக்கம் ஓடினால் ராடை வலப்பக்கம் சாய்த்து இழுங்கள்; தலை திரும்பிவிட்டால் பலம் போய்விடும். துள்ளினால் ராடு நுனியைக் கொஞ்சம் தாழ்த்துங்கள்.

பெரும்பாலான மீன்கள் கழல்வது, கீழ்ப்பக்கம் ஓடி வேகநீருக்குள் போய்விடும்போது. மீனின் எடையோடு ஆற்றின் எடையும் சேர்ந்து முள்ளில் தொங்கும். எதிர்த்து இழுக்காதீர்கள், நீங்களும் கரையோரமாகக் கீழே நடந்து மீனுக்கு நேர் பக்கம் வந்துவிடுங்கள். வீசுவதற்கு முன்பே, மீன் மாட்டினால் எந்தக் கல் வழியாக இறங்குவது என்று பார்த்து வைத்துக்கொள்வது இங்கே வழக்கம்.

நரம்பு அறுந்து அறுந்து போகிறது

அறுந்த நுனியைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள், காரணம் அங்கேயே எழுதியிருக்கும். நுனி பன்றிவால் மாதிரிச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. ஐந்து சுற்றுப் போட்டு, எச்சில் வைத்து நனைத்து, மெதுவாக இழுத்து, சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்காக உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே மிச்சத்தை வெட்ட வேண்டும். உலர்ந்த ஃப்ளூரோகார்பனை இழுத்து இறுக்கினால் உரசலின் சூட்டிலேயே நரம்பு பாழாகும்.

நுனி வெளுத்து, சொரசொரப்பாக இருந்தால் பாறை தின்றிருக்கிறது. நிம்ஃபுக்கு மேலே ஒரு முழம் நரம்பை அரை மணிக்கு ஒரு தடவை விரலிடுக்கில் உருவிப் பாருங்கள். தடுக்கினால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். லீடரின் நடுவே அறுந்திருந்தால் அங்கே ஒரு காற்றுமுடிச்சு விழுந்திருந்தது என்று பொருள். வீச்சுக் கோளாறால் தானாக விழும் சாதாரண முடிச்சு அது. நரம்பின் பலத்தில் ஏறத்தாழப் பாதியைத் தின்றுவிடும். கூரான, சுத்தமான முறிவு என்றால் வெட்டு பலமாகிவிட்டது: 5எக்ஸ் சுமார் 2 கிலோதான் தாங்கும், அதுவும் முடிச்சு நல்ல முடிச்சாக இருந்தால்.

லீடரும் டிப்பெட்டும் சேரும் இடத்தில் அறுந்தால் தடிமன் வித்தியாசம் அதிகம். 3எக்ஸோடு 6எக்ஸைக் கட்டாதீர்கள். நடுவில் 5எக்ஸ் ஒரு துண்டு போடுங்கள். இரண்டு நரம்பையும் சேர்த்து வளையமாக்கி மூன்று முறை உள்ளே நுழைக்கும் சர்ஜன் முடிச்சு போதும். அதன் இரண்டு மிச்ச நுனிகளில் கீழ்ப்பக்கம் பார்ப்பதை 12 சென்டிமீட்டர் விட்டு வைத்தால் மேல் நிம்ஃபை அதிலேயே கட்டலாம்.

ஒவ்வொரு வீச்சும் குருவிக்கூடு

இரண்டு நிம்ஃப், ஒரு ஈயக்குண்டு, ஒரு தக்கை. இதை, நீரின் மேல் மிதக்கும் உலர் ஃப்ளையை வீசுவதுபோலக் குறுகிய வளையத்தில் முன்னும் பின்னும் ஆட்டினால் சிக்கு விழாமல் என்ன செய்யும்? ஆட்டமே வேண்டாம். ஓட்டம் முடிந்ததும் எல்லாம் கீழ்ப்பக்கம் நீண்டு, நீரின் இழுப்பில் லைன் விறைப்பாக நிற்கும். அந்த விறைப்பையே பின்வீச்சாக வைத்துக்கொண்டு, ராடை அகலமாக, தோளுக்கு மேலே வளைத்து, ஒரே மூச்சில் மேல்பக்கம் எறியுங்கள். அவ்வளவுதான். பின்னால் தேவதாரு மரமும் வேலியும் இருக்கும் ஆற்றில் இது இன்னொரு விதத்திலும் உதவும்.

சிக்கு விழுந்தால் இரண்டு நிமிடம் முயலுங்கள். அதற்குமேல் ஆனால் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுவது வேகம்.

மீன் கண்ணுக்குத் தெரிந்தது. கிட்டப் போனதும் காணோம்

ட்ரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலைவைத்துப் படுக்கும். நீங்கள் மேலேயிருந்து இறங்கி வந்தால் அதன் முகத்துக்கு நேரே வருகிறீர்கள். கீழிருந்து மேலே ஏறுங்கள். நீருக்கடியிலிருந்து மீன் வெளியுலகைப் பார்ப்பது தலைக்கு மேலே சுமார் 97 டிகிரி விரிந்த ஒரு கூம்பு வழியாகத்தான். அடிவானத்தை ஒட்டிய சங்கதிகள் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கித் தெரியும். குனிந்தால், மண்டியிட்டால், நீங்களும் அந்த நசுங்கலுக்குள் போய்விடுவீர்கள். நிழல் நீரில் விழக்கூடாது. கல் உருளும் அதிர்வு நிழலைவிட மோசம். இன்னொன்று: நேராக நடு ஆற்றுக்கு வீசுவதற்கு முன், காலடியில் உள்ள கணுக்கால் நீரில் முதல் வீச்சு. நாம் மிதித்துக்கொண்டு போகும் இடத்திலேயே அடிக்கடி மீன் இருக்கும்.

காலையில் கிடைத்தது, மதியத்துக்கு மேல் செத்துப்போச்சு

மே, ஜூனில் இது தினசரி நடப்பது. மேலே வெயில் பட்டுப் பனி உருகும் நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரமாகும். பிற்பகலில் ஆறு உயர்ந்து, பாலைக் கலக்கியதுபோல மங்கும், குளிர்ந்தும் போகும். மீன் ஓரத்துக்கு ஒதுங்கும். அப்போது நடுநீரை விட்டுவிட்டுக் கரையை ஒட்டிய மெதுநீர், பெரிய பாறையின் நேர் பின்புறம், இவற்றில் ஒரு அளவு பெரிய, கறுத்த நிம்ஃபைப் போடுங்கள். மங்கலில் கறுப்பு உருவம் நன்றாகத் தெரியும். டிப்பெட்டும் 4எக்ஸாக இருக்கட்டும். முழங்கை ஆழத்தில் உங்கள் கையே தெரியாத அளவுக்குக் கலங்கிவிட்டால் மூட்டை கட்டுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை மழைக்காலத்தில் பல நாள் இப்படித்தான்.

காலையில் இறங்கும்போது ஒரு கல்லின் நீர்மட்டத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கல் மறைய ஆரம்பித்தால், எதிர்க்கரையில் இருந்தால், உடனே திரும்புங்கள். அணையுள்ள ஆறுகளில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். தீர்த்தன் போய்ச் சேரும் லார்ஜிக்குக் கீழே, பியாஸ் ஆற்றில் 2014 ஜூனில் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரில் ஹைதராபாத்திலிருந்து சுற்றுலா வந்திருந்த 24 பொறியியல் மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள்.

கால் வழுக்குகிறது

ரப்பர் அடி போதாது. கம்பளி அடி அல்லது ஆணி அடித்த பூட்ஸ், கையில் ஒரு தடி. ஓட்டத்தைப் பார்த்து நின்று, பக்கவாட்டில், ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். தொடைக்கு மேல் நீர் வந்தால் அந்த இடத்தில் ஆற்றைக் கடக்க வேண்டாம். விழுந்துவிட்டால் எழுந்து நிற்க முயலாதீர்கள். மல்லாந்து, காலைக் கீழ்ப்பக்கம் நீட்டி, கரைப்பக்கம் ஒதுங்குங்கள்.

விட்ட மீன் நீந்தாமல் சாய்கிறது

அதிக நேரம் போராட விட்டிருக்கிறீர்கள், அல்லது வெளியே அதிக நேரம் வைத்திருந்தீர்கள். கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும். மெதுவாக ஓடும் நீரில், தலை மேல்பக்கம் இருக்கும்படி, வால் அடியையும் வயிற்றையும் லேசாகத் தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்ட வேண்டாம். நீர் ஒரே திசையில்தான் செவுளுக்குள் போக வேண்டும். வால் தானாக அசைந்து, உங்கள் விரலை உதைத்துக்கொண்டு போகும்வரை பிடித்திருங்கள். நீர் 20 டிகிரியைத் தொட்ட நாளில் ராடை மடக்கிவிடுங்கள்; அன்று விட்டாலும் பல மீன்கள் பிழைக்காது.